நாயின் வலி, நம் கண்

1839ஆம் ஆண்டு. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த வில்லியம் புரூக் ஓஷானெசி என்ற ஐரிஷ் மருத்துவருக்கு அப்போது முப்பது வயது. கஞ்சாவை மனித நோயாளிகளுக்குக் கொடுப்பதற்கு முன் விலங்குகளிடம் சோதித்துப் பார்க்க முடிவு செய்தார். நேபாளத்திலிருந்து வந்த சரஸ் எனும் கஞ்சாப் பிசினில் பத்து கிரெயின், அதாவது முக்கால் கிராமுக்கும் குறைவாக எடுத்துச் சாராயத்தில் கரைத்து, நடுத்தர உயரமுள்ள ஒரு நாய்க்குப் புகட்டினார். அரை மணி நேரத்தில் நாய் மந்தமாகிச் சொக்க ஆரம்பித்தது. அவ்வப்போது திடுக்கிட்டு எழுந்து, பெரும் திருப்தியில் இருப்பதுபோல வாலை ஆட்டியது. கொடுத்த உணவை ஆவலோடு தின்றது. கூப்பிட்டால் தள்ளாடித் தள்ளாடி வந்தது. சில மணி நேரம் கழித்து எல்லாம் தெளிந்து பழையபடி துள்ளத் தொடங்கியது.

ஓஷானெசி அதோடு நிற்கவில்லை. பூனை, மீன், கழுகு, குதிரை, மான், குரங்கு, ஆடு, மாடு என்று பல விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் கொடுத்துப் பார்த்தார். ஊனுண்ணிகள் விரைவில் போதைக்கு ஆளாவதையும், புல்லும் தானியமும் தின்பவை எவ்வளவு கொடுத்தாலும் பெரிதாகப் பாதிக்கப்படாததையும் குறித்து வைத்தார். நாய்க்கும் கஞ்சாவுக்குமான உறவை நவீன மருத்துவ முறையில் எழுதி வைத்த முதல் ஏடுகளில் அது ஒன்று. இன்று நியூயார்க்கிலும் லண்டனிலும் பெங்களூருவிலும் நாய்களுக்கென்று விற்கப்படும் கஞ்சா எண்ணெய்ப் புட்டிகளின் கதை அங்கேயே தொடங்கிவிட்டது என்பேன்.

அறுபது ஆண்டுகள் கழித்து, 1899இல், ஆங்கிலேய மருந்தியலாளர் வால்டர் டிக்ஸன் நாய்களிடம் இன்னொன்றைக் கவனித்தார். கஞ்சாச் சாறு உள்ளே போன நாய் கால்களை அகட்டி வைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடும். விழப்போகும் கணத்தில் சுதாரித்துக்கொள்ளும், மறுபடி ஆடும். இந்த ஆட்டம் அவ்வளவு நம்பகமாக வந்ததால், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க மருந்து நிறுவனங்கள் அதையே அளவுகோலாக்கிக்கொண்டன. இந்தியாவிலிருந்து கப்பலில் போன கஞ்சாவின் வீரியம் மூட்டைக்கு மூட்டை மாறும். அதை வேதியியல் முறையில் அளக்க அன்று வழி இல்லை. நாய்க்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆடினால் சரக்கு நல்லது, ஆடாவிட்டால் திருப்பி அனுப்பு. மனிதருக்கான மருந்தின் தரத்துக்கு நாயின் தள்ளாட்டம் சான்றிதழாக இருந்த காலம் அது.

அந்த ஆட்டத்தின் காரணம் மூளையில் இருக்கிறது. கஞ்சாவின் போதைப்பொருளான டிஎச்சி, நரம்பணுக்களின் மேல் உள்ள சிபி1 என்ற ஏற்பிகளில் சென்று ஒட்டிக்கொள்கிறது. பாலூட்டிகள் எல்லாவற்றுக்கும் இந்த ஏற்பிகள் உண்டு. ஆனால் உடலின் சமநிலையைக் காக்கும் சிறுமூளையிலும், அதை ஒட்டிய மூளையின் பின்பகுதியிலும் மனிதரைவிட நாய்க்கு இவை அடர்த்தியாக அமைந்துள்ளன. அதனால்தான் மனிதருக்குச் சிரிப்பை வரவழைக்கும் அளவு நாயைக் கீழே தள்ளிவிடுகிறது. வீட்டில் யாரோ வைத்திருந்த கஞ்சா கலந்த சாக்லேட்டைத் தின்றுவிட்டு, சிறுநீர் சொட்டச் சொட்ட, சின்னச் சத்தத்துக்கும் உடல் அதிர்ந்து, இதயத்துடிப்பு குறைந்த நிலையில் கொண்டுவரப்படும் நாய்களை அமெரிக்கக் கால்நடை அவசரப் பிரிவுகள் நன்றாக அறியும். இனி நாம் பேசப்போகும் பொருள் டிஎச்சி அல்ல. ஆனாலும் அதன் நிழல் கடைசிவரை கூடவே வரும்.

பேசப்போவது சிபிடி, அதாவது கன்னாபிடியால். 1940இல் அமெரிக்க வேதியியலாளர் ரோஜர் ஆடம்ஸ் இதைக் கஞ்சாவிலிருந்து பிரித்தெடுத்தார். இதன் சரியான கட்டமைப்பை 1963இல் இஸ்ரேலில் ராபேல் மெக்கூலமின் குழு கண்டறிந்தது. மறு ஆண்டே அதே குழு டிஎச்சியையும் தனித்தெடுத்துக் காட்டியது. அணுக்களின் எண்ணிக்கையில் இரண்டு மூலக்கூறுகளுக்கும் வேறுபாடு இல்லை. அடுக்கில் மட்டும் சிறு மாற்றம். ஒரு வளையம் மூடாமல் திறந்திருக்கிறது. அந்தச் சிறு மாற்றத்தால் சிபிடி, சிபி1 ஏற்பியில் சரியாக ஒட்டுவதில்லை. எனவே போதை இல்லை. பதிலாக செரட்டோனின் ஏற்பிகளில் ஒருவகையையும், வலியையும் சூட்டையும் உணர்த்தும் சில புரதங்களையும் அது தொடுகிறது. ஒரே பூட்டைத் திறக்கும் மருந்து இல்லை இது; பல இடங்களில் லேசாகக் கை வைக்கும் பொருள். ஆராய்ச்சியாளர்களுக்கு இதன்மேல் ஆசை வந்ததற்கும், இதைப் பற்றி உறுதியாக எதையும் சொல்லச் சிரமப்படுவதற்கும் இந்தக் குணமே காரணம்.

1988இல் மெக்கூலமும் சக ஆய்வாளர்களும் ஆறு நாய்களுக்கு சிபிடியைக் கொடுத்து இரத்தத்தில் தேடினார்கள். வாய்வழி கொடுத்தபோது ஆறில் மூன்று நாய்களின் இரத்தத்தில் சிபிடி தென்படவே இல்லை. மற்ற மூன்றிலும் கொடுத்ததில் 13 முதல் 19 விழுக்காடு வரைதான் இரத்தத்தை எட்டியது. மிச்சத்தில் பெரும்பகுதியைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே உடைத்துவிடுகிறது. எண்ணெயில் கரைத்து, உணவோடு கொடுக்கும்போது நிலைமை மேம்படுகிறது என்பது பிறகு தெரியவந்தது. ஆனால் ஒரே அளவு சிபிடி ஒரு நாய்க்கு எட்டும், இன்னொன்றுக்கு எட்டாது என்ற அந்தப் பழைய பாடம் இன்றைக்கும் செல்லும். நாய்களுக்கு சிபிடி விற்கிறவர்களில் எத்தனை பேர் இந்த ஆய்வைப் படித்திருப்பார்கள் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

2018 ஒரு திருப்புமுனை ஆண்டு. ஜூன் மாதம், குழந்தைகளைத் தாக்கும் இரண்டு கடுமையான வலிப்பு நோய்களுக்கு, தூய சிபிடியால் ஆன எபிடியோலெக்ஸ் என்ற மருந்தை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அங்கீகரித்தது. டிசம்பரில் வந்த அமெரிக்க வேளாண் சட்டம், டிஎச்சி 0.3 விழுக்காட்டைத் தாண்டாத கஞ்சாச் செடியை ஹெம்ப் என்று பெயரிட்டுப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து விடுவித்தது. கடைகளில் எண்ணெய், பிஸ்கட், மெல்லும் மிட்டாய் என்று நாய்களுக்கான சிபிடி குவிந்தது. விலங்குகளுக்கென்று சிபிடி மருந்து எதையும் அந்த நிர்வாகம் அங்கீகரிக்கவில்லை. இருந்தும் விற்பனை நிற்கவில்லை. கால்நடை மருத்துவர்களோ இதைப் பற்றி வாய் திறந்தால் உரிமம் போய்விடுமோ என்று அஞ்சினார்கள். கலிஃபோர்னியாவில் அவர்கள் வளர்ப்பவர்களிடம் இதைப் பற்றிப் பேசலாம் என்பதற்கே 2018இல் தனிச் சட்டம் வேண்டியிருந்தது.

* * *

அதே 2018 ஜூலையில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஆய்வு வெளிவந்தது. மூட்டுத் தேய்மானத்தால் அவதிப்பட்ட 16 நாய்கள். ஒரு கிலோ உடல் எடைக்கு 2 மில்லிகிராம் வீதம், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, நான்கு வாரங்களுக்கு சிபிடி எண்ணெய். இரண்டு வார இடைவெளிக்குப் பின் இன்னொரு நான்கு வாரங்களுக்கு வெறும் ஆலிவ் எண்ணெய். எந்த நாய்க்கு எது முதலில் என்பது வளர்ப்பவருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. சிபிடி கொடுத்த வாரங்களில் நாய்களின் வலி குறைந்ததாகவும், நடமாட்டம் கூடியதாகவும் வளர்ப்பவர்கள் நிரப்பிய படிவங்கள் காட்டின. மருத்துவர்கள் தொட்டு அழுத்திப் பார்த்துச் சொன்ன வலிக் கணக்கும் குறைந்தது. நல்ல செய்தி, நேர்மையான வடிவமைப்பு. எண்ணெயைத் தயாரித்த நிறுவனமே நிதி கொடுத்தது என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். அதற்காக முடிவைத் தள்ளிவிடத் தேவையில்லை.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2021இல், கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் முடிவு வந்தது. 23 நாய்கள், கிலோவுக்கு 2.5 மில்லிகிராம், தினம் இருவேளை, ஆறு வாரங்கள். இங்கே படிவங்களோடு இன்னொரு சாட்சியும் இருந்தது. நடைபாதையில் பதித்த உணர்தட்டின் மேல் நாயை நடக்கவிட்டு, ஒவ்வொரு காலும் தரையில் எவ்வளவு எடையை ஊன்றுகிறது என்று அளந்தார்கள். வலிக்கிற காலில் நாய் எடையைக் குறைத்தே ஊன்றும். வலி குறைந்தால் ஊன்றல் கூடும். அசைவுகளை எண்ணும் கருவி ஒன்றையும் கழுத்துப்பட்டையில் மாட்டினார்கள். சிபிடிக்கும் மருந்துப்போலிக்கும் இடையே எதிலும் வேறுபாடு தெரியவில்லை: ஊன்றலில் இல்லை, அசைவுகளில் இல்லை, படிவங்களிலும் இல்லை. மாறாக, 14 நாய்களுக்குக் கல்லீரல் நொதிகள் உயர்ந்திருந்தன.

ஒரே நோய், ஏறக்குறைய ஒரே அளவு, எதிரெதிரான முடிவுகள். எண்ணெய்கள் ஒன்றல்ல என்பது ஒரு காரணமாக இருக்கலாம். கார்னெலில் கொடுத்ததில் சிபிடியோடு அதன் அமில வடிவமும் ஏறத்தாழ சம அளவில் கலந்திருந்தது. அந்தக் கலவைக்குத் தனி ஆற்றல் உண்டா என்பது நியாயமான கேள்வி. ஆனால் அதைவிட ஆழமான கேள்வி ஒன்று இருக்கிறது, இந்த அத்தியாயத்தை எழுதத் தூண்டியதும் அதுதான். நாய்க்கு வலி குறைந்தது என்று நமக்கு எப்படித் தெரியும்?

மனிதர்களுக்கு மருந்துப்போலி எப்படி வேலை செய்கிறது என்று நமக்குத் தெரியும். மாத்திரை விழுங்கினோம் என்ற நம்பிக்கையே வலியைச் சற்றுத் தணிக்கிறது. நாய்க்கு அந்த நம்பிக்கை கிடையாது. தன் சோற்றில் எண்ணெய் கலந்ததன் நோக்கம் அதற்குத் தெரியாது. ஆகவே நாய்களிடம் கிடைக்கும் முன்னேற்றம் கலப்படமற்றது என்று பலர் வாதிடுகிறார்கள். முதல் பார்வைக்குச் சரியாகத்தான் படும். ஆனால் நாய் படிவம் நிரப்புவதில்லை. நிரப்புவது நாம். நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. அது நம் கண் வழியாகப் படிவத்தில் இறங்குகிறது.

இதை எண்ணிக்கையில் காட்டியவர்கள் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் கான்செமியஸும் ரிச்சர்ட் எவன்ஸும். 2012இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு, மூட்டுத் தேய்மானத்தால் நொண்டிய, ஒரு சோதனையில் மருந்துப்போலி மட்டுமே பெற்ற 58 நாய்களைப் பற்றியது. உணர்தட்டின் அளவில் மாற்றம் இல்லாதபோதும், அல்லது நொண்டல் கூடியபோதும்கூட, வளர்ப்பவர்கள் சுமார் 40 விழுக்காடு தடவை நாய் தேறியிருக்கிறது என்று சொன்னார்கள். சரி, பாசம் கண்ணை மறைக்கிறது எனலாம். நாய் நடப்பதையும் ஓடுவதையும் பார்த்து மதிப்பிட்ட கால்நடை மருத்துவர்கள்? அவர்களும் கிட்டத்தட்ட 45 விழுக்காடு தடவை ஏமாந்தார்கள். படிப்பும் பயிற்சியும் இதற்குக் காப்பு இல்லை.

இது யாருடைய குற்றமும் அல்ல. இருபது கிலோ லாப்ரடாரோ நாட்டு நாயோ, மாடிப்படி ஏறமுடியாமல் கீழேயே நின்று நம்மைப் பார்க்கும்போது, ஏதாவது செய்யவேண்டும் என்று மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது. ஒரு புட்டி வாங்கிவிட்டோம். அடுத்த நாள் நாய் நான்கு படி ஏறினால் அது எண்ணெயால் என்று தோன்றும். ஏறாவிட்டால் இன்னும் சில நாள் பொறுப்போம் என்று தோன்றும். மூட்டு வலி ஒரே சீராக இருப்பதும் இல்லை. மழைக்காலத்தில் கூடும், ஓய்வில் குறையும். மிக மோசமான வாரத்தில்தான் யாரும் புது மருந்தைத் தேடிப் போவார்கள். அதற்கு அடுத்த வாரம் மருந்தே இல்லாமலும் சற்று மேலாகத்தான் இருக்கும்.

வலிப்பு நோயில் இந்த ஏற்ற இறக்கம் இன்னும் கூர்மையானது. நாய்களில் காரணம் தெரியாத வலிப்பு அரிதல்ல. பீனோபார்பிட்டால், பொட்டாசியம் புரோமைடு போன்ற மருந்துகளுக்கும் அடங்காமல் தொடரும் நாய்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. நள்ளிரவில் கைகால் விறைத்து, வாயில் நுரை தள்ளித் துடிக்கும் நாயின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியும், அந்த இரண்டு நிமிடம் எவ்வளவு நீளமானது என்று. கொலராடோவின் ஸ்டெஃபனி மெக்ராத் 2019இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான மருந்துகளோடு 12 வாரங்கள் சிபிடியும் பெற்ற ஒன்பது நாய்களின் வலிப்பு எண்ணிக்கை இடைநிலை அளவில் 33 விழுக்காடு குறைந்தது. இரத்தத்தில் சிபிடி அதிகமிருந்த நாய்களுக்கு வலிப்பும் அதிகம் குறைந்தது. ஆனால் வலிப்பு பாதிக்குப் பாதி குறைந்த நாய்களை மட்டும் எண்ணினால், சிபிடிக் குழுவுக்கும் மருந்துப்போலிக் குழுவுக்கும் வேறுபாடு இல்லை. இரண்டு நாய்கள் தள்ளாட ஆரம்பித்ததால் சோதனையிலிருந்து விலக்கப்பட்டன. 2023இல் அதே பல்கலைக்கழகம் 51 நாய்களுடன் வெளியிட்ட அடுத்த ஆய்வில், கிலோவுக்கு நாளொன்றுக்கு 9 மில்லிகிராம் என்று அளவைக் கூட்டியபோது வலிப்புகள் சுமார் 24 விழுக்காடு குறைந்தன. பலன் உண்மை என்றே நினைக்கிறேன். அற்புதம் என்று சொல்லத் தகுந்தது அல்ல.

இங்கேயும் மருந்துப்போலி காத்துக்கொண்டிருக்கிறது. கேரன் முனானாவும் அவருடைய குழுவினரும் 2010இல், பழைய வலிப்புச் சோதனைகளில் மருந்துப்போலி மட்டும் பெற்ற 28 நாய்களின் குறிப்புகளைத் திரட்டினார்கள். அவற்றில் 22 நாய்களுக்கு வலிப்பு குறைந்திருந்தது. எட்டு நாய்களுக்குப் பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. வெறும் மருந்துப்போலியில்! ஒரு நாய்க்கு எண்ணெய் கொடுத்தேன், வலிப்பு நின்றது என்ற சாட்சியத்தைக் கேட்கும்போதெல்லாம் இந்த 22 நாய்களை நினைத்துக்கொள்கிறேன்.

அரிப்பு, பயம் ஆகியவற்றில் கிடைத்திருப்பவை இன்னும் துண்டுதுண்டானவை. ஒவ்வாமையால் சொறியும் நாய்களிடம் நடத்தி, அமெரிக்காவில் 2022இல் வெளிவந்த ஒரு சோதனையில் அரிப்பு குறைந்தது. தோலின் புண்கள் குறையவில்லை. இங்கிலாந்தில் வால்தாம் ஆய்வகம் 2023இல், கிலோவுக்கு 4 மில்லிகிராம் ஒரே வேளையாகக் கொடுத்தபோது, தனித்து விடப்பட்ட நாய்களிடமும் காரில் பயணம் செய்த நாய்களிடமும் பதற்றத்தின் சில அறிகுறிகள் தணிந்ததைக் கண்டது. தீபாவளி இரவில் கட்டிலடியில் நடுங்கும் நாய்க்குத்தான் நம்மூரில் பலர் இதைத் தேடுகிறார்கள். கென்டக்கி பல்கலைக்கழகம் 2020இல் வெடிச்சத்தத்தைப் பதிவு செய்து ஒலிக்கவிட்டு, கிலோவுக்கு 1.4 மில்லிகிராம் சிபிடி கலந்த தின்பண்டம் தந்து பார்த்தது. அந்த அளவில் பயம் குறையவில்லை.

* * *

சோதனைகள் எல்லாம் ஒரு புறம் இருக்கட்டும். வீட்டில் நடப்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருபது கிலோ நாய் ஒன்றுக்குக் கார்னெலில் கொடுத்த அளவு என்றால் வேளைக்கு 40 மில்லிகிராம், நாளைக்கு 80. முப்பது மில்லிலிட்டர் புட்டியில் மொத்தம் 300 மில்லிகிராம் சிபிடி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தப் புட்டி நான்கு நாள்கூட வராது. ஒரு சொட்டில் அரை மில்லிகிராம். வேளைக்குப் பத்துச் சொட்டு என்று கொடுத்தால் நாளைக்குப் பத்து மில்லிகிராம்தான் ஆகிறது. சோதனையில் கொடுத்ததில் எட்டில் ஒரு பங்கு. ஆக, பல வீடுகளில் நாய்க்குப் போவது எந்த ஆய்வும் பரிசோதித்த அளவு அல்ல. அந்த அளவில் பலன் கண்டோம் என்பவர்கள் எதைக் கண்டார்கள் என்பதை மேலே பார்த்தோம்.

இந்தக் கணக்கும் புட்டியில் எழுதியிருப்பது உண்மை என்ற நம்பிக்கையில் போட்டது. கார்னெலின் ஜோசப் வாக்ஷ்லாகும் சக ஆய்வாளர்களும் 2020இல், விலங்குகளுக்கென அமெரிக்கச் சந்தையில் கிடைத்த 29 ஹெம்ப் தயாரிப்புகளை வாங்கிச் சோதித்தார்கள். அளவு குறிப்பிட்டிருந்த 27இல் பத்தில் மட்டுமே உள்ளிருந்தது லேபிளோடு பத்து விழுக்காட்டுக்குள் பொருந்தியது. இரண்டில் சரக்கே இல்லை. நான்கில் ஈயம் உள்ளிட்ட நச்சு உலோகங்கள் இருந்தன. கஞ்சாச் செடி மண்ணிலிருந்து உலோகங்களை உறிஞ்சிச் சேர்த்துக்கொள்ளும் குணமுடையது. சாறு எடுக்கும்போது அதுவும் செறிந்துவிடும்.

இந்தியாவில் நிலைமை வேறொரு திருப்பம் கொண்டது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் பிசினையும் பூக்கும் நுனிகளையும் தடை செய்கிறது. தனி இலையையும் விதையையும் அந்த வரையறைக்கு வெளியே விட்டுவிடுகிறது. வடநாட்டில் பாங்கு விற்பது அந்த இடைவெளியில்தான். ஆயுர்வேத உரிமத்தோடு, விஜயா என்ற பெயரில் இலைச் சாற்று எண்ணெய்கள் தயாராகி, செல்லப்பிராணிகளுக்கென்றும் இணையத்தில் விற்கப்படுகின்றன. கவனிக்க வேண்டியது இதைத்தான்: இலையில் டிஎச்சியும் உண்டு. முழு இலைச் சாறு என்று எழுதியிருந்தால், டிஎச்சி எவ்வளவு என்று தனியாகக் கேட்டாக வேண்டும். அந்தத் தொகுதிக்கான ஆய்வக அறிக்கையைக் காட்டாத விற்பனையாளரிடம் வாங்கவே கூடாது. நாயின் சிறுமூளைக்கு ஆயுர்வேத உரிமம் தெரியாது.

சிபிடி நஞ்சா என்றால், இல்லை. வால்தாம் ஆய்வகம் 2022இல் வெளியிட்ட ஆய்வில், 40 ஆரோக்கியமான நாய்களில் பாதிக்கு கிலோவுக்கு 4 மில்லிகிராம் வீதம் ஆறு மாதம் தினமும் சிபிடி கொடுத்தார்கள்; நாய்கள் நன்றாகவே தாங்கின. ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற கல்லீரல் நொதி மட்டும் உயர்ந்தது. பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் அடையாளம் இது. ஆரோக்கியமான நாய்க்கு இது பெரிய விஷயமாக இல்லாமல் போகலாம். ஆனால் பீனோபார்பிட்டால் இதே நொதியை உயர்த்தும். அதே கல்லீரல்தான் இரண்டையும் உடைக்கிறது. வலிப்பு நாய்க்கு மருத்துவரிடம் சொல்லாமல் எண்ணெயைச் சேர்ப்பது ஆபத்து. வலிப்பு மருந்தை நிறுத்திவிட்டு எண்ணெயை மட்டும் கொடுப்பது அதைவிடப் பெரிய ஆபத்து. திடீரென நிறுத்தினால் நிற்காத வலிப்பு வந்து நாய் இறந்துபோகலாம்.

மூட்டு வலிக்கு இதைவிட உறுதியான சான்று எதற்கு இருக்கிறது என்று கேட்டால், என் பதில் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். உணவுத் தட்டு. 48 லாப்ரடார் நாய்களைக் குட்டிப் பருவத்திலிருந்து சாகும்வரை தொடர்ந்த ப்யூரினா நிறுவனத்தின் ஆய்வு 2002இல் வெளிவந்தது. நாய்களை ஜோடிகளாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு நாய்க்கு மட்டும் 25 விழுக்காடு குறைவான உணவு. குறைவாகத் தின்ற நாய்கள் கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தள்ளிப்போனது. நம் வீடுகளில் பருத்து உருண்டிருக்கும் லாப்ரடார்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனக்கிறது. பாசத்தால் போட்ட பிஸ்கட்டின் எடையை அந்த இடுப்பு மூட்டு ஒவ்வொரு படியிலும் தூக்குகிறது. எடையைக் குறைத்த பிறகும் வலி இருந்தால், நாய்களுக்கென்றே சோதித்த வலி மருந்துகள் கால்நடை மருத்துவரிடம் உண்டு. நம் மருந்துப் பெட்டியில் இருக்கும் இபுபுரோஃபென் நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஒரு மாத்திரைகூடக் கூடாது.

இத்தனைக்குப் பிறகும் சிபிடியை முயன்று பார்க்க மருத்துவர் ஒப்புக்கொண்டால், கொடுக்கும் முன்பே இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். கல்லீரல் நொதிகளுக்கான இரத்தப் பரிசோதனை ஒன்று. நான்கு வாரம் கழித்து அதே பரிசோதனை மறுபடி. இன்னொன்று, எண்ணெய் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே எழுதி வைக்கும் குறிப்பேடு. வலிப்பு என்றால் வந்த தேதி, நேரம், எத்தனை நிமிடம். மூட்டு என்றால் அதே மாடிப்படியை அதே நேரத்தில் ஏறும்போது கைப்பேசியில் எடுத்த காணொளி, வாரம் ஒன்று. முடிவில் அந்தக் காணொளிகளைத் தேதி தெரியாதபடி கலைத்து, எண்ணெய் கொடுத்தது தெரியாத ஒருவரிடம் காட்டி, எந்த வாரத்தில் நாய் நன்றாக ஏறுகிறது என்று கேளுங்கள்.